தண்ணீர் நின்ற இடம்

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், மாசாயில் சதாசிவம் என்று விசாரித்தால் நாலைந்து வீட்டைக் காட்டுவார்கள். 'பெரிய டைல் சதா' என்று விசாரித்தால் ஒரு வீட்டைத்தான் காட்டுவார்கள். நாலடிக்கு இரண்டடி, ஐந்தடிக்கு இரண்டரை அடி என்று இப்போது எல்லோரும் வீட்டுக்குள் போட ஆசைப்படுகிற பெரிய தரை டைல்களைப் பதிப்பதில் பாசிர் கூடாங்கிலிருந்து ஜோகூர் ஜெயா வரை அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஐம்பத்து மூன்று வயது. மெலிந்த உடம்பு. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தரையோடு கன்னத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். இரண்டு டைல் சேருகிற இடத்தில் நகக்கண் அளவு மேடு இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

காஹாங்குக்கு அந்தப் பக்கம் ஒரு எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். பதினேழு வயதில் மாசாய்க்கு வந்து சிமெண்டு மூட்டை தூக்கினார். பிறகு பதினோரு வருஷம், விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போய் வந்தார். அங்கே ஒரு சீன முதலாளியிடம் கற்ற தொழில்தான் இது. முழங்கால் வலியும் பாலத்து நெரிசலும் சேர்ந்து போதும் போதும் என்றாக்கிவிட, திரும்பி வந்து சொந்தமாக வேலை எடுத்தார். மனைவி வாசுகியின் தம்பி ரூபேந்திரன் கூடச் சேர்ந்துகொண்டான். பெரிய டைலை ஒருவரால் தூக்கி வைக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கைப்பிடியை ஆளுக்கொன்றாகப் பிடித்து, ஒரே மூச்சில் இறக்க வேண்டும். ஒருவர் அரை வினாடி முந்தினாலும் முனை உடைந்துவிடும். பன்னிரண்டு வருஷமாக அந்த இரண்டு பேரும் முந்தியதும் இல்லை, பிந்தியதும் இல்லை.

சின்ன டைல் தரையோடு அனுசரித்துப் போகும். பெரியது போகாது. கீழே ஒரு பள்ளம் இருந்தால் அங்கே பசை பிடிக்காமல் காற்று தங்கிவிடும்; தட்டிப் பார்த்தால் 'டொக்' என்று கேட்கும். அதைத்தான் இங்கே 'கோசோங்' என்பார்கள். சதாசிவம் பதித்த தரையில் கோசோங் சத்தமே கிடையாது. தரையிலும் பசை, டைலின் முதுகிலும் பசை. அவசரம் என்று யார் கெஞ்சினாலும் அதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். தன் வேலையில் அவருக்கிருந்த பெருமை நியாயமான பெருமைதான். அந்தப் பெருமைதான் ஒருநாள் அவர் காலை வாரிவிட்டது.

அது இரண்டாயிரத்துப் பத்தொன்பதில். தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது ஜோகூர் ஜெயாவில் ஒரு பழைய வரிசை வீட்டுக்குத் தரை மாற்றக் கூப்பிட்டார்கள். கனகம்மா என்று ஒரு அம்மாள். எழுபத்து நாலு வயது. குளுவாங் அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். இலங்கைத் தமிழ்க் குடும்பம். கூட இருந்தது மகள் ஷாமளா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, காப்புறுதி நிறுவனம் ஒன்றில் வேலை. மகன் பிரேமகுமார் சிங்கப்பூரில் பொறியாளர். குடும்பத்தோடு அங்கேயே இருந்தார். மாதத்துக்கு இரண்டு முறை அம்மாவைப் பார்க்க வந்துவிடுவார்.

முதல் நாள் சதாசிவம் அளவெடுக்கப் போனபோது அந்த அம்மாள் அவரை உட்கார வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"இருங்கோ தம்பி, முதல்ல தேத்தண்ணி குடியுங்கோ. எந்த ஊர் நீங்கள்?"

"காஹாங் பக்கம்மா. தோட்டம்."

"காஹாங்கோ! நான் அங்க கிளினிக்குக்கு வந்திருக்கிறன். ஜீப்பில வருவம். திரும்பேக்க உடுப்பெல்லாம் செம்மண்."

சிரித்தார். சதாசிவமும் சிரித்தார். ஆஸ்பத்திரியில் அரசாங்க வேலை பார்த்தவர்கள் வீட்டில் இப்படி உட்கார வைத்துப் பேசுவது அவருக்குப் புதிது. இந்த வீட்டுக்கு நன்றாகச் செய்து கொடுக்க வேண்டும் என்று அப்போதே மனதில் நினைத்துக்கொண்டார்.

டைலைத் தேர்ந்தெடுத்தது ஷாமளா. வெள்ளையில் லேசான சாம்பல் நரம்பு ஓடுகிற, கண்ணாடி போல மெருகேற்றிய டைல், நாலடிக்கு இரண்டடி. கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் அது சரி. ஆனால் வீட்டின் பின்பக்கம் மீன் கழுவி, மசாலா அரைத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி விடுகிற குசினி ஒன்று இருந்தது. அதன் தரை மற்ற அறைகளைவிட இரண்டு அங்குலம் தாழ்வு. பழைய சொரசொரப்பான சின்னச் சதுர டைல். மூலையில் இருந்த வடிகால் துளையை நோக்கி நாலு பக்கமிருந்தும் தரை சரிந்திருக்கும்.

"பின்குசினிக்கு இது வேண்டாம் தம்பி," என்றார் கனகம்மா. "அந்தப் படி கிடக்கட்டும். சொரசொரப்பா சின்னதாப் போடுங்கோ. நான் நாள் முழுக்க அங்கதான் நிக்கிறனான். இந்த மினுக்கல் தரை வழுக்காதோ?"

சதாசிவம் முன்வாசலில் நின்று பின்கதவு வரை பார்த்தார். கதவு மூன்றையும் திறந்து வைத்தால் ஒரே நேர்கோடு. பதின்மூன்று டைல், ஐம்பத்திரண்டு அடி. பின்குசினித் தரையை இரண்டு அங்குலம் உயர்த்திவிட்டால், படி இல்லாமல், வெட்டு இல்லாமல், அந்தச் சாம்பல் நரம்பு வாசலிலிருந்து கொல்லை வரை ஓடும். அப்படி ஒன்றை அவர் அதுவரை செய்ததில்லை.

"அம்மா, வயசானவங்களுக்குப் படிதான் ஆபத்து. தட்டி விழுந்துருவாங்க. ஒரே மட்டமா இருந்தா காலுக்கு நல்லது. சின்ன டைல் போட்டா இடுக்குல அழுக்கு சேரும், தேய்ச்சே கை ஓஞ்சிரும். இது துடைச்சா போதும். நான் போட்டுத் தரேன், பாருங்க."

ஷாமளாவுக்கும் அது பிடித்திருந்தது. கனகம்மா மகளைப் பார்த்தார், சதாசிவத்தைப் பார்த்தார்.

"தொழில் தெரிஞ்ச நீங்கள் சொல்றீங்கள். நான் என்னத்தைச் சொல்ல," என்றார்.

அந்த வார்த்தை பிற்பாடு சதாசிவத்தை எத்தனை தடவை துரத்தப் போகிறது என்று அன்றைக்குத் தெரியாது.

பதினாறு நாள் வேலை. பின்குசினியில் கடைசி வரிசைக்கு வந்தபோது ரூபேந்திரன் கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"மச்சான், சரிவு எப்படிக் குடுக்கப் போறோம்? டைல் இம்மாம் பெருசு. துளையப் பாக்க சரியணும்னா குறுக்கால வெட்டணும். இல்லாட்டி இந்த ஒரு ரூமுக்காச்சும் சின்னதாப் போட்டுரலாம்."

"வெட்டினா கோடு போயிரும்டா."

"தண்ணி நிக்கும் மச்சான்."

"துடைச்சுக்குவாங்க."

ரூபேந்திரன் மேலே பேசவில்லை. அக்காள் புருஷன், தொழில் சொல்லிக் கொடுத்தவர். அவர் முடிவெடுத்த பிறகு அவன் வாதாடிப் பழகியதில்லை. டைலை மட்டமாகவே வைத்தார்கள். பசை காய்ந்து, இடுக்குகளை நிரப்பி, மூன்று நாள் கழித்து சதாசிவம் தனியாகப் போய் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். துளைக்குப் பக்கத்தில் விழுந்தது மட்டும் உள்ளே போயிற்று. மற்றதெல்லாம் பரவி, அவர் கண்ணுக்கும் தப்பிய ஒரு மயிரிழைத் தாழ்வு பார்த்து மெல்ல நகர்ந்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் போய் நின்றது. சரியாக ஒரு ஆள் நிற்கிற இடம். தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. டைலின் மினுமினுப்பும் தண்ணீரின் மினுமினுப்பும் ஒன்றாக இருந்தன. சாக்குத்துணியால் துடைத்துவிட்டு வெளியே வந்தார். யாரிடமும் சொல்லவில்லை.

வேலை முடிந்த அன்று காலை வெயில் முன்வாசல் வழியாக உள்ளே விழுந்து பின்கதவு வரை ஓடியது. சதாசிவம் தரையில் படுத்துப் படம் எடுத்தார். அந்தப் படத்தை முகநூலில் போட்டதும் ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். சுகுடாயிலிருந்து கூப்பிட்டார்கள், கூலாயிலிருந்து கூப்பிட்டார்கள். 'அந்த வீடு மாதிரி, வாசல்ல இருந்து பின்னால வரைக்கும்' என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். 'பெரிய டைல் சதா' என்ற பெயர் வந்ததே அந்தப் படத்துக்குப் பிறகுதான்.

அடுத்த வருஷம் நோய்த்தொற்று வந்தது. சிங்கப்பூர்ப் பாலத்தை மூடினார்கள். அங்கே இருந்தவர் அங்கேயே, இங்கே இருந்தவர் இங்கேயே. நவம்பர் மாதம் ஒரு நாள் ஷாமளா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அண்ணே, குளிக்கிற ரூம்ல சுவத்துல பிடிச்சுக்கிற கம்பி மாட்டணும். வர முடியுமா? அம்மா விழுந்துட்டாங்க. இடுப்பெலும்பு உடைஞ்சு ஆப்பரேஷன் ஆச்சு. இப்பதான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

"எங்கம்மா விழுந்தாங்க?"

"பின்குசினியில. தொட்டிகிட்ட."

வருவதாகச் சொல்லிவிட்டு சதாசிவம் கைபேசியை வைத்தார். மறுநாள் முகக்கவசத்தோடு துளைபோடும் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். ஷாமளா ஆளே பாதியாக இருந்தாள். அன்று காலை நடந்ததைச் சொன்னாள். ஏழு மணிக்கு அவள்தான் மீன் கழுவிவிட்டுக் குசினித் தரையையும் கழுவி, துடைத்துவிட்டு, கூடத்தில் கணினி முன் வேலைக்கு உட்கார்ந்திருக்கிறாள். ஒன்பது மணிக்கு அலுவலகக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் அம்மா தொட்டிக்கு முன்னால் கிடக்கிறார், பாவாடையெல்லாம் ஈரம்.

"ரெண்டு மணி நேரம் ஆயிருந்திச்சு அண்ணே. நல்லாத் துடைச்சேன்னுதான் நெனச்சேன். சரியாத் துடைக்கல போல."

ரெண்டு மணி நேரம் இல்லை, நாலு மணி நேரம் ஆனாலும் அங்கே தண்ணீர் நிற்கும். தொட்டிக்கு அடியிலிருந்தும் சுவரோரத்திலிருந்தும் மெல்ல ஊர்ந்து வந்து அங்கேதான் சேரும். துடைத்த பிறகும் சேரும். அந்த வீட்டில் இது தெரிந்த ஒரே ஆள் சதாசிவம். வாயைத் திறக்கப் பார்த்தார். அதற்குள் அவள் கைபேசி ஒலித்தது. அண்ணன், படத்தோடு பேசும் அழைப்பில். அவள் கைபேசியை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு அம்மாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டே பேசினாள். சதாசிவம் குளியலறைச் சுவரில் பென்சிலால் அடையாளம் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது.

"வீட்டிலயே இருக்கிற ஆளுக்கு ஒரு தரையத் தொடைக்கத் தெரியாதா ஷாமளா? நான் அங்க இருந்திருந்தா இப்படி நடந்திருக்குமா? அம்மாவைப் பாத்துக்கிறேன் பாத்துக்கிறேன்னு சொல்லித்தானே அந்த வீட்டில இருக்கிற?"

"தொடைச்சேன் அண்ணா."

"தொடைச்சா எப்படி வழுக்கும்? சொல்லு, எப்படி வழுக்கும்?"

அவள் தொடர்ந்து கஞ்சியை ஆற்றினாள். சதாசிவம் இரண்டு எட்டு வைத்து அந்த மேசைக்குப் போயிருந்தால் போதும். 'சார், தண்ணி நிக்கிற மாதிரி தரையைப் போட்டது நான்' என்று ஒரு வாக்கியம். அவர் இயந்திரத்தைச் சுவரில் வைத்து அழுத்தினார். அந்தச் சத்தத்தில் மற்றது கேட்காமல் போயிற்று.

வேலை முடிந்து கிளம்பும்போது கனகம்மா படுக்கை அறையிலிருந்து கூப்பிட்டார். கட்டிலில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார். முகம் சுருங்கிப் போயிருந்தது; ஆனால் பேச்சு அதே மரியாதையோடு வந்தது.

"வாங்கோ தம்பி. உங்கட வேலையில ஒரு குறையும் இல்லை. நான்தான் கவனமில்லாமக் காலை வச்சிட்டன். பிள்ளையை ஏசாதை எண்டு மகனுக்குச் சொல்றன், அவன் கேக்கிறானில்லை. உங்களுக்குத் தெரியும்தானே, அவள் எவ்வளவு சுத்தமாச் செய்யிறவள்."

சதாசிவம் தலையை ஆட்டினார். "ரெஸ்ட் எடுங்கம்மா," என்றார். வெளியே வந்து மோட்டார் சைக்கிளை உதைத்தபோது அது இரண்டு மூன்று தடவை அணைந்து போயிற்று.

இப்போது சொல்லி என்ன ஆகப் போகிறது, உடைந்த எலும்பு ஒட்டிவிடுமா என்று தன்னைத் தானே கேட்டுக்கொண்டார். அந்த அம்மாள் எழுந்து நடக்கட்டும், பிறகு தானே போய்த் தரையைப் பெயர்த்து, சின்ன டைல் போட்டுக் கொடுத்துவிடலாம் என்றும் நினைத்தார். கனகம்மா எழுந்து நடக்கவில்லை. எட்டு மாதம் படுக்கையில் கிடந்தார். அடுத்த வருஷம் ஜூலையில், ஊரே அடைத்துக் கிடந்த நாட்களில், நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனார்.

செய்தி கேட்டு வாசுகி, "போய்ட்டு வந்துருங்களேன், நல்ல அம்மான்னு சொல்லுவீங்களே," என்றாள். ஆட்களைக் கூட்ட அனுமதியில்லை என்று அவர் காரணம் சொன்னார். அது உண்மைதான். அனுமதி இருந்திருந்தாலும் அவர் போயிருக்க மாட்டார் என்பதும் உண்மை. பிரேமகுமாராலும் வர முடியவில்லை. கைபேசித் திரையில்தான் அம்மாவைக் கடைசியாகப் பார்த்தார். பாலம் திறந்த பிறகு ஒரு தடவை வந்தாராம். வாசலில் நின்றபடியே தங்கையோடு வாக்குவாதமாகி, உள்ளே சாப்பிடாமல் திரும்பிவிட்டாராம். அதன்பின் அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை என்று, அதே தாமான் குடியிருப்பில் வேறொரு வீட்டு வேலைக்குப் போனபோது சதாசிவத்தின் காதில் விழுந்தது. அன்று இரண்டு டைலைத் தவறாக வெட்டினார். ரூபேந்திரன் ஒன்றும் கேட்காமல் வேறு டைலை எடுத்துக் கொடுத்தான்.

அந்த அம்மாள் விழுந்து இப்படியே மூன்றரை வருஷம் ஓடியது. இரண்டாயிரத்து இருபத்து நாலில், பெர்மாஸ் ஜெயாவில் ஒரு புதுமணத் தம்பதியர் வீடு. அந்தப் பெண் கைபேசியை நீட்டினாள். அதே படம்.

"அங்கிள், எங்களுக்கும் இதே மாதிரி வேணும். பின்குசினி வரைக்கும் ஒரே கோடு."

"பின்குசினிக்குப் போட மாட்டேன்மா."

"ஏன் அங்கிள்? இது நீங்க போட்டதுதானே?"

"நான் போட்டதுதான். தப்பாப் போட்டது. அங்க தண்ணி நிக்கும். அந்த வீட்டம்மா அதுல வழுக்கி விழுந்து, எழுந்திருக்காமலே போயிட்டாங்க."

தான் இதைச் சொல்லப் போகிறோம் என்று அவருக்கே தெரியாது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்தப் பெண் கைபேசியை மெல்லக் கீழே இறக்கினாள். ரூபேந்திரன் கையில் அளவு நாடாவோடு அப்படியே நின்றான். திரும்பி வரும் வழியில், லாரிக்குள், அவன் நேரே சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"மச்சான், யாரோ ஒரு பொண்ணுகிட்ட சொன்னீங்களே. அந்த வீட்டுல சொன்னீங்களா?"

"இல்லடா."

"நானும் சொல்லல. எனக்கும் தெரியும்ல. அன்னிக்கு நான் இன்னொரு வார்த்த சொல்லிருக்கலாம்."

"உம்மேல ஒண்ணும் இல்ல."

"இருக்கு மச்சான். ஆனா மொதல்ல நீங்க போவணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் ஜோகூர் ஜெயாவுக்குப் போனார். ஷாமளாவுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. தலை முழுக்க நரைத்திருந்தது. கதவைத் திறந்ததும் முகம் மலர்ந்து, "வாங்க அண்ணே, எத்தன வருஷம் ஆச்சு," என்றாள். அந்த மலர்ச்சியைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். அம்மா சின்ன டைல் கேட்டது, தான் பேசி மாற்றியது, ரூபேந்திரன் எச்சரித்தது, வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தது, அது தொட்டிக்கு முன்னால் போய் நின்றது, துடைத்துவிட்டு வந்தது, கம்பி மாட்ட வந்த அன்று எல்லாம் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தது.

"நீங்க நல்லாத்தான் தொடச்சிருப்பீங்க. எத்தன தடவ தொடச்சாலும் அங்க தண்ணி வந்து நிக்கும். எனக்கு அது அப்பவே தெரியும்."

ஷாமளா எழுந்து உள்ளே போனாள். பின்குசினியில் தொட்டிக்கு முன்னால் ரப்பர் பாய் ஒன்றும், அதன்மேல் மடித்த பழைய துவாலைகளும் கிடந்தன. அவற்றை இழுத்து ஓரமாகப் போட்டாள். வாளியில் தண்ணீர் பிடித்தாள். துளையிலிருந்து தள்ளி, சுவரோரத்தில் ஊற்றினாள். பிறகு முழங்காலைக் கட்டிக்கொண்டு குசினி வாசலில் உட்கார்ந்து பார்த்தாள். சதாசிவம் அவளுக்குப் பின்னால் நின்றார்.

தண்ணீர் பரவியது. கொஞ்ச நேரம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாதது போல அப்படியே கிடந்தது. பிறகு ஓரங்கள் சுருங்கிச் சுருங்கி, தொட்டிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. துளை காய்ந்தே இருந்தது.

"அன்னிக்குக் காலையில," என்று அவள் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள், "எந்தப் பக்கத்துல இருந்து தொடச்சேன், துணியப் பிழிஞ்சேனா, பிழியலயா, தொட்டிக்கு அடியில கை விட்டேனா... தினம் யோசிச்சிருக்கேன் அண்ணே. மீட்டிங்குக்கு லேட்டாயிருச்சேன்னு அவசரப்பட்டுட்டேன்னு நெனச்சுக்கிட்டேன். ஆஸ்பத்திரியில அம்மா கையப் பிடிச்சுக்கிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவங்க போற அன்னிக்கும் கேட்டேன். மூணரை வருஷம் அண்ணே."

 

"தப்பாத் தரை போட்டத நான் மன்னிச்சிருவேன்," என்றாள் ஷாமளா. "யாருக்கும் தப்பு வரும். எனக்கும் அந்த டைலு பிடிச்சுத்தான் இருந்திச்சு. ஆனா அன்னிக்கு அந்தக் குளிக்கிற ரூம்ல நின்னுக்கிட்டு எல்லாத்தையும் கேட்டீங்கள்ல?"

"கேட்டேன்மா."

"அம்மா வேற உங்களக் கூப்பிட்டுச் சொன்னாங்க. நான் கதவுகிட்ட நின்னேன்."

 பிறகு, "அண்ணாகிட்ட சொல்லுங்க," என்றாள். "இப்பவே. நான் சொன்னா நம்ப மாட்டாரு."

அவள் கொடுத்த எண்ணுக்கு அவர் தன் கைபேசியிலிருந்து கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போடச் சொன்னாள். யார் பேசுவது என்று சொன்னதும் பிரேமகுமார், "சொல்லுங்க பாஸ், வீட்டுல என்ன, ஏதாவது ரிப்பேரா?" என்று கேட்டார். சதாசிவம் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். இரண்டாவது முறை சொல்வது இன்னும் கடினமாக இருந்தது.  சொல்லி முடித்தபோது அந்தப் பக்கத்தில் எங்கோ ஒரு குழந்தை பியானோ பழகுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா போயி மூணு வருஷம் ஆகப் போவுது பாஸ்," என்றார் கடைசியில். "இப்ப வந்து சொல்றீங்க."

"ஆமா சார்."

"ஷாமளா பக்கத்துல இருக்காளா?"

சதாசிவம் அவளைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"இருக்காங்க சார். பேசற நெலமையில இல்ல."

"நான் அவள என்னென்னமோ..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. இணைப்பு துண்டிக்கப்பட்டது.

ஷாமளா எழுந்து, துவாலையை எடுத்துத் தண்ணீரின் மேல் போட்டாள். "அண்ணா பேசுனது எல்லாம் இந்தத் தரையால வந்தது இல்ல," என்றாள். "எங்களுக்குள்ள அதுக்கு முன்னாலயே இருந்திச்சு. அம்மாவப் பாக்க முடியாத கோவம் வேற. ஆனா அதக் கொண்டுவந்து கொட்ட இந்த இடம் கெடச்சிருச்சு."

தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டுக் கொடுக்கிறேன், நாளைக்கே ஆரம்பிக்கிறேன் என்று அவர் சொன்னார். அவள் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"வேண்டாம் அண்ணே. மாத்தணும், மாத்துவேன். வேற ஆள வச்சு மாத்திக்கிறேன். நீங்க இங்க மண்டி போட்டு வேல செய்றதப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது. நீங்க போங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து வாசுகியிடம் எல்லாவற்றையும் சொன்னார். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இருபது வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவள் அவள். அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த அம்மா சாவுக்குக்கூட உங்கள போகச் சொன்னேனே," என்று மட்டும் சொன்னாள். முகநூலில் இருந்த அந்தப் படத்தை அன்றே எடுத்துவிட்டார். ஆனால் அது ஏற்கெனவே எத்தனையோ பேர் கைபேசிகளுக்குப் போய்விட்டிருந்தது. இன்றைக்கும் யாராவது அதைக் காட்டிக் கேட்கிறார்கள். அவர் காரணத்தைச் சொல்கிறார். சிலர் கேட்டுக்கொள்கிறார்கள். சிலர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறார்கள். அதே படத்தைப் பார்த்துக் கேட்டவர்களுக்குத் தான் பதித்துக் கொடுத்த மற்ற வீடுகளுக்கும் ரூபேந்திரனோடு ஒவ்வொன்றாகப் போய், கதவைத் தட்டி, தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். நாலு வீடுகளில் பின்குசினியைப் பெயர்த்துச் சரிவு கொடுத்துப் போட்டார்கள். இரண்டு வீட்டில், எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, அழகாக இருக்கிறது, விட்டுவிடுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த இரண்டு வீட்டிலும் வயதானவர்கள் இருக்கிறார்கள். 

மூன்று மாதம் கழித்து, ஒரு காலைப் பொழுதில், ஜோகூர் ஜெயாவில் இன்னொரு வேலைக்குப் போக வேண்டியிருந்தது. முன்பக்கச் சாலையில் போகாமல் வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் சந்து வழியாகப் போனார். அந்த வீட்டின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே சுத்தியல் இயந்திரம் அலறிக்கொண்டிருந்தது. சந்தில் சாக்குமூட்டைகள் வரிசையாக நின்றன. இரண்டு இந்தோனேசிய வேலையாட்கள். ஒருவன் முகத்திலிருந்த தூசியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து தண்ணீர் குடித்தான். மூட்டையில் வெள்ளைத் துண்டுகள். எல்லாம் கையகலத் துண்டுகள், ஒன்றுகூடப் பெரிதாகப் பெயர்ந்து வரவில்லை. ஒவ்வொன்றின் முதுகிலும் சாம்பல் நிறப் பசை முழுக்கப் பிடித்திருந்தது. கூடவே சிமெண்டையும் பிய்த்துக்கொண்டு வந்திருந்தது.

சதாசிவம் நிற்பதைப் பார்த்து அவன் மலாயில் புலம்பினான். மூன்று நாளாகிறதாம், இந்தச் சின்னக் குசினிக்கு. ஒரு இடத்தில்கூடக் கோசோங் இல்லையாம். எந்த மனுஷன் இப்படி ஒட்டி வைத்தானோ, கையெல்லாம் மரத்துப் போய்விட்டதாம்.

"நான்தான்," என்றார் சதாசிவம்.

அவன் நம்பாமல் சிரித்தான். "நல்ல வேலைதானே அண்ணா, ஏன் உடைக்கச் சொல்றாங்க?" என்று கேட்டான்.

"தண்ணி போக வழி வைக்கல," என்றார். "நீங்க போடும்போது சரிவ ரெண்டு தடவ பாத்துக்குங்க. துளைகிட்ட மட்டும் இல்ல, தொட்டிக்கு முன்னால."

உள்ளே ஷாமளாவின் குரல் கேட்டது, யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். யாரிடம் என்று தெரியவில்லை. ஆண் குரல் ஒன்று, அன்று கைபேசியில் கேட்ட குரல் மாதிரி, பதில் சொன்னது போலவும் இருந்தது, இயந்திரச் சத்தத்தில் சரியாகப் பிடிபடவில்லை. நின்று கேட்கத் தனக்கு உரிமையில்லை என்று பட்டது. மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சந்தின் முனை வரை போய், அங்கே வைத்து உதைத்துக் கிளப்பினார்.